போட்டின் அடியை ஒட்டப் போகும் மருமகனுக்கு

கல்முனைக்குடி

அன்பின் மருமகனுக்கு,



வாடை முடியுமுன் போட்டின் அடியை நீயே ஒட்டப் போவதாக உன் உம்மா சொன்னா. சந்தோசம். தன் போட்டைத் தானே கழுவிச் சுரண்டிப் பார்ப்பவனுக்குத்தான் அதன் பழுது தெரியும். ஆனால் அவசரப்படாதே.

2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் செய்து கொடுத்த ஃபைபர் போட்டுகளில் தரம் கெட்டவை பல இருந்தன. பெரிய நிறுவனங்களின் வேலையையே அவசரம் கெடுத்தது.

நம் கரையில் மணலில் இழுத்து ஏற்றுவதால் அடிதான் முதலில் தேயும். மேல்பூச்சு போன இடத்தால் உப்புநீர் உள்ளே இறங்கும். அந்த ஈரத்தின் மேல் ஃபைபர் நார் மேட்டும் ரெசினும் வைத்தால் பார்வைக்குப் பளபளக்கும், கடலில் கழன்றுவிடும். நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பழுதான நாரை முழுதாகத் தேய்த்தெடு. ஓட்டையின் ஓரத்தை அகலமாகச் சாய்த்துத் தேய்த்தால்தான் புது நார் பழையதைப் பிடிக்கும்.

ரெசினுக்கு ஹார்ட்னர் பொதுவாக நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு. கெதியாக இறுகட்டும் என்று கூட ஊற்றினால் சூடேறி வெடிப்பு விழும். ரெசின் இறுகுவதைத் தூண்டும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரே சேர்க்காதே. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கு, அதன் பிறகே ஹார்ட்னரை ஊற்று. ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் போத்தலைத் திறக்காதே. பட்டுவிட்டால் உடனே தண்ணீரால் 15 நிமிடமாவது கழுவு. பிறகு தாமதிக்காமல் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குப் போ.

இஞ்சினுக்கு வா. கடலால் வந்ததும் உள்ளே நல்ல தண்ணீர் ஓடவிடு. விசிறியைப் பிடிக்கும் பின் முறிந்தால் இரும்பாணியைச் செருகாதே. எதிலாவது அடிபட்டால் தான் முறிந்து கியரைக் காப்பதற்கென்றே செய்தது அந்தப் பின். ஆணி முறியாது, கியர் முறியும். மாற்றுப் பின் எப்போதும் போட்டில் இருக்கட்டும்.

இஞ்சின் பூட்டும் பின்பலகை வெடித்திருந்தால் மட்டும் நீ தொடாதே. இஞ்சினின் பாரமும் உதறலும் அதில்தான் நிற்கின்றன. கூலி போனாலும் கைதேர்ந்த ஆளிடம் கொடு.

வேலை முடிந்ததும் முதல் நாள் கரையோரமாக ஓட்டிப் பார். தண்ணீர் கசியவில்லை என்று உறுதியான பிறகே ஆழத்துக்குப் போ. அதுவரை எத்தனை நாள் தொழில் நின்றாலும் நிற்கட்டும், மருமகன்.

வஸ்ஸலாம்.

உன் மாமா