பூந்தமல்லி பக்கம் பழைய மச்சு வீட்டை வாடகைக்குப் பிடிப்பது எப்படி?

பதினான்கு அடி உயரக் கூரை, தேக்கு உத்தரம், நடுவில் முற்றம், மாடியில் தடுப்பே இல்லாத நீளக் கூடம். இப்படி ஒரு வீடு தேடுபவர்கள் மயிலாப்பூரையும் திருவல்லிக்கேணியையும்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்துத் தெருக்களிலும், திருமழிசையிலும், திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலை ஒட்டியும் இந்த ரகத்தில் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. அவை இணைய விளம்பரங்களில் அகப்படாது. தெருவில் நடந்து, இஸ்திரி வண்டிக்காரரிடமும் டீக்கடையிலும் விசாரித்தால்தான் பூட்டிக் கிடக்கும் வீடு எது, சாவி யாரிடம் என்று தெரியும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூடிய ஷெட் ஒன்றை எடுத்து வீடாக்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நியூயார்க்கின் சோஹோவில் பழைய ஆலைக் கட்டடங்களில் ஓவியர்கள் குடியேறினார்கள். 1982-ல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. இங்கே அப்படி எதுவும் இல்லை. தொழிலுக்கென்று ஒதுக்கிய மனையில் குடியிருப்பது விதிமீறல். அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

முதல் வேலை: அண்ணாந்து பாருங்கள்

வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் கூரையைப் பார்க்க வேண்டும். இந்த வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான். மரச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, மேலே சிறிய தட்டைச் செங்கற்களைச் சாய்வாகக் குத்தவைத்து அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். செங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது; சட்டம்தான் போகும். அதுவும் சுவருக்குள் நுழைகிற முனையில்தான் முதலில் போகும், ஈரம் தங்குவது அங்கேதான்.

ஏணி கேட்டு வாங்கி ஏறுங்கள். சட்டத்தின் முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். நல்ல தேக்கு இடம் கொடுக்காது; செல்லரித்த கட்டையில் பிசைந்த மாவில் விரல் போவதுபோல் இறங்கும். சட்டத்தை ஒட்டி ஒரு நூலை இழுத்துக் கட்டினால் தொய்வும் தெரிந்துவிடும். உட்கூரை முழுக்கப் பழைய வெள்ளையாக இருந்து, ஓரிடத்தில் மட்டும் புதுச் சுண்ணாம்பு பளிச்சென்று தெரிந்தால், நேற்றுவரை அங்கே ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு மொட்டை மாடிக்குப் போங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? வேர் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது? ஒழுகலை அடைக்கிறேன் என்று தளத்தின் மேல் சிமென்ட் பூச்சு மேல் பூச்சாகப் போட்டிருந்தால் அந்தப் பாரமெல்லாம் மரச் சட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கும். தண்ணீர்த் தொட்டி தளத்தின் நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதைச் சுவருக்கு மேலே நகர்த்தித் தந்தால்தான் குடிவருவேன் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

தரையும் கரண்டும்

வெள்ளத்தைப் பற்றி உரிமையாளரிடம் கேட்டால் ‘இந்தத் தெருவுக்கு வராது’ என்றுதான் சொல்வார். எதிர்வீட்டில் கேளுங்கள்: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது? பழைய வீடுகளை உயரத் திண்ணை வைத்துத்தான் கட்டினார்கள். ஆனால் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு, பல தெருக்களில் திண்ணை சாலை மட்டத்துக்கு வந்துவிட்டது. முடிந்தால் ஐப்பசி மழையில் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

மரப்பட்டியில் ஓடும் பழைய வயரிங் இருந்தால் முழுதும் மாற்றித் தரச் சொல்ல வேண்டும். எர்த் இருக்கிறதா, மின்வாரியம் அனுமதித்த லோடு எவ்வளவு என்று கேளுங்கள். இந்த உயரக் கூடத்துக்கு ஏசி வைத்தால் பில்தான் ஏறும். நீளமான ராடில் மின்விசிறியை இறக்கி மாட்டினாலே போதும், கனத்த சுவர் பகல் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். மாடியில் ஸ்டூடியோவோ அலுவலகமோ நடத்துவதாக இருந்தால் வீட்டு இணைப்பு செல்லாது, வணிக இணைப்புக்கு மாற்ற வேண்டும்.

வீடு யாருடையது?

கூரையைவிடச் சிக்கலான இடம் இதுதான். தாத்தா பெயரில் இருக்கும் வீட்டுக்கு ஏழெட்டு வாரிசுகள் இருப்பார்கள். ஒருவர் வாடகை பேசுவார், முன்பணமும் வாங்கிக்கொள்வார். நீங்கள் சாமான் இறக்கிய பிறகு இன்னொருவர் வந்து ‘யாரைக் கேட்டு வந்தீங்க?’ என்பார். பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றில் என்ன பதிவாகியிருக்கிறது என்று இரண்டையும் அரசு இணையதளங்களில் நீங்களே பார்க்கலாம். வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

கோயிலைச் சுற்றிய வீடு என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. கட்டடம் அவர்களுடையது, மனை கோயிலுடையதா? அடிமனை வாடகை கட்டிவருகிற வீட்டை உள்வாடகைக்கு எடுத்தால், நாளை அறநிலையத்துறை நோட்டீஸ் ஒட்டும்போது உங்களுக்குப் பேச வாய் இருக்காது. என் கருத்தில், சந்தேகம் தீராத கோயில் மனை வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஒப்பந்தம்

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது அது. பத்து மாதம் கேட்பதுதான் இன்னும் ஊர் வழக்கம். சட்டத்தைச் சொல்லிப் பேசினால் பாதியாவது இறங்குகிறார்கள். கட்டமைப்புப் பழுதும் வெள்ளையடிப்பும் வயரிங் மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு; குழாய் வாஷரும் அடைப்பு எடுப்பதும் உங்கள் பொறுப்பு. இருந்தாலும் ‘கூரை ஒழுகினால் இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும்’ என்று தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

பூந்தமல்லி வரை மெட்ரோ பாதை போட்டபின் இந்தப் பக்கத்துப் பழைய மனைகள்மேல் அடுக்குமாடி கட்டுபவர்களின் கண் விழுந்திருக்கிறது. நீங்கள் ஜன்னலுக்கு வர்ணம் அடித்து முடித்த மாதமே வீட்டை இடிக்க வரலாம். ஆகவே குறைந்தது மூன்று ஆண்டு லாக்-இன் கேளுங்கள், அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்யுங்கள். புதிதாகப் போடும் அலமாரி, தடுப்பு, விளக்கு எல்லாம் கழற்றி எடுத்துப் போகக்கூடியவையாக இருக்கட்டும்.

கடைசியாக, ‘நம்ம வீடு மாதிரி, பேப்பரெல்லாம் எதுக்கு?’ என்று வாரிசுகளில் மூத்தவர் சொல்வார். அந்தப் பாசத்துக்கு மயங்காமல் எழுதி வாங்கி, வாடகை அதிகார அமைப்பின் இணையதளத்தில் பதிந்து எண் பெறுங்கள். எழுத்து ஒப்பந்தம் போடாமல் இருப்பதே உங்களைக் காலி செய்யச் சொல்ல அந்த வாடகைச் சட்டத்தில் ஒரு காரணம்.