மந்தை நாய்க்கு வாயை மூடத் தெரியாது

ஃபின்னிஷ் லாப்ஹுண்டைப் படத்தில் பார்ப்பவர்கள் பொம்மை என்றே நினைப்பார்கள். புசுபுசுவென்ற மயிர், முதுகின்மேல் சுருண்ட வால். ஆண் நாயே அரை மீட்டர் உயரத்தை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் அது நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் வடகோடியில் ரெயின்டீர் எனும் துருவமான்களை மேய்க்கும் சாமி இன மக்களின் வேலைக்கார நாய். 1960களில் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி வந்ததும் மந்தையில் நாயின் வேலை குறைந்தது. இன்று அது பின்லாந்தின் நகரங்களில் வீட்டு நாயாக வளர்கிறது. குணம் மட்டும் மந்தையோடு போய்விடவில்லை. அந்தப் பக்கம் குடியேறி, இந்த நாயை வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

• எந்த நாய் என்று முதலில் தெளிவாகுங்கள். லாப்போனியன் ஹெர்டர் என்று இன்னொன்று உண்டு. 1966இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. மயிர் குட்டை, உடல் சற்று நீளம், ஓடச் சலிக்காது. நாளெல்லாம் வேலை கொடுக்க முடியாதவர்கள் லாப்ஹுண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

• தாய், தகப்பன் இரண்டின் மரபணுச் சோதனைச் சான்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். விழித்திரை மெல்ல மெல்லக் கெட்டுப் பார்வை பறிபோகும் நோய் ஒன்று, தசைகளில் கிளைகோஜன் தேங்கி இளவயதிலேயே உயிரைப் பறிக்கும் பாம்ப்பே (Pompe) நோய் இன்னொன்று. இரண்டும் இந்த இனத்தில் உண்டு. பெற்ற நாய்கள் திடமாகவே இருக்கும். இரண்டும் குறையைச் சுமந்திருந்தால்தான் குட்டிக்கு நோய் வரும். குட்டியின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

• தட்டு விழுந்த சத்தத்துக்குத் துள்ளிக் குதித்தால் விட்டுவிடுங்கள். நொடியில் தானே தேறிவிடும். மானின் உதைக்கும் கொம்புக்கும் சட்டென்று விலகத் தெரிந்த நாய்தான் பிழைத்தது. அதைப் பயந்தாங்கொள்ளி என்பது அநியாயம்.

• வெளியே போகும்போது தோல்வார் கையில் இருக்கட்டும். காட்டு உயிர்கள் குட்டி ஈனும் காலத்தை ஒட்டி, நார்வேயில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரையும் பின்லாந்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 19 வரையும் நாயை அவிழ்த்துவிடச் சட்டம் இடம் தராது.

செய்யக்கூடாதவை

• குரைப்பதற்காக அடிக்காதீர்கள். மந்தையின் பின்னால் ஓடிக் குரைத்து மான்களை நகர்த்துவதுதான் அதன் தொழில். ஊமை நாயை எந்த மேய்ப்பரும் வைத்துக்கொள்ள மாட்டார். ‘போதும்’ என்ற சொல்லுக்கு நிறுத்தப் பழக்கலாம். தின்பண்டம் கொடுத்தால் சீக்கிரம் கற்கும். அடியோடு வாய் திறக்காத நாய்தான் வேண்டுமென்றால் வேறு இனம் பாருங்கள்.

• கோடையில் மொட்டையடிக்காதீர்கள். ஈரடுக்கு மயிர் குளிரைத் தடுப்பதுபோல வெயிலையும் தடுக்கும். உதிரும் பருவத்தில் வீடெங்கும் பஞ்சு பறக்கும்தான், வேறு வழியில்லை, சீப்பை எடுங்கள்.

• மந்தை கண்ணில் பட்டால் நாயை நெருங்க விடாதீர்கள். ‘மேய்க்கும் நாய்தானே’ என்ற சமாதானம் செல்லாது. பழக்காத நாய் மேய்ப்பதில்லை, விரட்டுகிறது. குளிர்காலக் கடைசியில் இளைத்துப்போன சினைமான்கள் ஆழ்பனியில் ஓடினால் கருவுக்கே ஆபத்து. மே மாதம் கன்று ஈன்றிருக்கும்; தாயும் கன்றும் பிரிந்துபோகும்.

• மேய்ப்பரைச் சந்தித்தால், உங்களிடம் எத்தனை மான்கள் என்று கேட்காதீர்கள். வங்கியில் எவ்வளவு பணம் என்று கேட்பதற்குச் சமம் அது. நாயைப் பற்றிக் கேட்கத் தடையில்லை.

• மானின் நுரையீரல், கல்லீரலைப் பச்சையாகப் போடாதீர்கள். அதில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருக்கலாம். தின்ற நாயின் குடலில் புழு வளரும். முட்டை மலத்தோடு வெளியேறும். நாயின் மயிரைத் தடவிய கை வழியாக மனிதனின் வயிற்றுக்குள்ளும் போகும். முன்பு மேய்ப்பர் குடும்பங்களில் கல்லீரலிலும் நுரையீரலிலும் கட்டியோடு துன்பப்பட்டவர்கள் இருந்தார்கள். நாய்களுக்குப் பூச்சிமருந்து கொடுப்பதும் கழிவுக்கறியை நிறுத்துவதும் அங்கே வழக்கமானது அதனால்தான். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.