தோல் இருக்கை ஏன் வெடிக்கிறது?

பழைய மோட்டார் கார் ஒன்றின் தோல் இருக்கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? புதிதாக இருந்தபோது அது பட்டுப்போல் மென்மையாக இருந்திருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல விறைப்பாகிறது, பளபளப்பு மங்குகிறது, மடிப்பு விழும் இடங்களில் கோடு கோடாக வெடிக்கிறது. "தோல் காய்ந்துவிட்டது, எண்ணெய் தடவினால் சரியாகும்" என்று பலரும் சொல்வார்கள். இதில் பாதி உண்மை, மறுபாதி தவறு. தவறான பாதியை நம்பியதால் கெட்டுப்போன இருக்கைகள் பல. தோலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை நீங்களே கூறிவிடலாம்.

தோல் என்பது ஒரு நூற்கண்டு

தோலை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், அது தகடுபோல் தோன்றாது. நுண்ணிய நார்கள் எத்திசையிலும் ஓடிப் பின்னிக்கிடக்கும் ஒரு நூற்கண்டாகத் தோன்றும். இந்நார்கள் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. கொலாஜன் மூலக்கூறு, கயிற்றில் புரிகள் முறுக்கிக்கொள்வதுபோல் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டு உருவானது. இந்த முப்புரி அமைப்பை எக்ஸ் கதிர்ப் படங்களின் துணைகொண்டு 1954-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். ஒரு மூலக்கூறின் நீளம் ஏறத்தாழ 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர்தான். இவை ஆயிரக்கணக்கில் சேர்ந்து நாராகின்றன.

பச்சைத்தோல் ஈரமாக இருந்தால் அழுகிவிடும். காய்ந்தால் பலகைபோல் விறைத்துவிடும். இரண்டும் நேராமல் காப்பதே பதனிடுதல். கடுக்காயையோ பாக்கையோ மென்றால் வாய் துவர்த்து, நாக்கு சொரசொரப்பாகிறது அல்லவா? அவற்றிலுள்ள டானின் என்னும் பொருள் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதே இதற்குக் காரணம். அதே டானின் கொலாஜன் நார்களையும் பிணைத்து நிலைப்படுத்துகிறது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்குப் பயன்பட்டு வந்துள்ளன. இன்று பெரும்பான்மையான தோல் குரோமிய உப்புகளால் பதனிடப்படுகிறது.

பிணைப்பு எவ்வளவு வலுவானது என்பதை ஒரு சோதனை காட்டும். பதனிடாத தோலை நீரிலிட்டுச் சூடேற்றினால் 60 அல்லது 65 பாகை செல்சியசில் சட்டெனச் சுருங்கிவிடும். பட்டையால் பதனிட்ட தோல் ஏறத்தாழ 75 முதல் 85 பாகை வரை தாங்கும். குரோமியத்தால் நன்கு பதனிட்ட தோல் கொதிநீரையே தாங்கும்.

பதனிட்டபின் இன்னொரு வேலையும் உண்டு. எண்ணெயை நீரில் பால்போல் கலக்கி, தோலுக்குள் ஊடுருவச் செய்வார்கள். ஒவ்வொரு நாரின் மீதும் மெல்லிய எண்ணெய்ப் படலம் படிகிறது. நாம் இருக்கையில் அமரும்போது நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன, எழுந்ததும் திரும்புகின்றன. தோலின் மென்மை என்று நாம் சொல்வது இந்த வழுக்கலைத்தான். வழுக்கல் நின்றால் மடிப்பின் இழுவிசை முழுவதும் ஒரே இடத்தில் சேர்கிறது. அவ்விடத்து நார்கள் அறுகின்றன. அதுவே வெடிப்பு.

நீர் செய்யும் வேலை

ஓவியத் தூரிகையை நீருக்குள் அமிழ்த்தினால் மயிர்கள் விரிந்து நிற்கும். வெளியே எடுத்தால் ஒட்டிக்கொண்டு கூர்முனையாகிவிடும். மயிர்களை ஒன்றுசேர்ப்பது நீரின் பரப்பு இழுவிசை. ஈரமான தோல் காயும்போதும் இதுவே நடக்கிறது.

நுண்புழை ஒன்றில் நீரின் இழுப்பழுத்தம், பரப்பு இழுவிசையின் இருமடங்கைப் புழையின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். ஆரம் 1 மைக்ரோமீட்டர் எனில் அழுத்தம் சுமார் 1.4 வளிமண்டல அழுத்தம். ஆரம் அதில் பத்திலொரு பங்கு எனில் 14 வளிமண்டல அழுத்தம்! இவ்வளவு வலிமையோடு நெருக்கப்படும் நார்கள், இடையில் எண்ணெய் இல்லாவிட்டால், ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கின்றன. மழையில் நனைந்த செருப்பு வெயிலில் காய்ந்ததும் விறைத்துப்போவது இதனால்தான்.

அதற்காக நீரே கூடாது என்று எண்ணிவிடாதீர்கள். நல்ல தோலின் எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் நீர் உண்டு. அது முற்றிலும் போனாலும் நார்கள் நொறுங்கும் தன்மை பெறும். எனவே நீர் அளவோடு இருக்கவேண்டும். அந்த அளவு அடிக்கடி மாறவும் கூடாது.

வெயிலில் நிற்கும் கார்

கண்ணாடி மூடிய காருக்குள் சூரிய ஒளி நுழைந்து இருக்கையைச் சூடாக்குகிறது. சூடான காற்று வெளியேற வழியில்லை; இருக்கை உமிழும் நீண்ட அலை அகச்சிவப்புக் கதிர்களும் கண்ணாடியைக் கடப்பதில்லை. ஆகவே உள்ளிருக்கும் காற்று 60 பாகையையும் எட்டக்கூடும்.

இப்போது ஒரு கணக்கு. காலையில் காற்றின் வெப்பநிலை 30 பாகை, ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதம் என்க. 30 பாகையில் தெவிட்டிய நீராவியின் அழுத்தம் 4.2 கிலோபாஸ்கல், 60 பாகையில் 19.9 கிலோபாஸ்கல். காற்றிலுள்ள நீராவி மாறாமலிருக்க, நண்பகலில் ஒப்பு ஈரப்பதம் 70 × 4.2 ÷ 19.9, அதாவது 15 சதவீதமாக வீழ்கிறது! கடற்கரை ஊரில் நிற்கும் காருக்குள் பாலைவனக் காற்று. தோல் தன் ஈரத்தை இழக்கிறது. இரவில் மீண்டும் உறிஞ்சுகிறது. நாள்தோறும் சுருங்கி விரிந்து நார்கள் தளர்கின்றன.

ஒளியும் சும்மா இருப்பதில்லை. 700 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு 1.8 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. 350 நானோமீட்டர் புற ஊதாக் கதிரின் ஃபோட்டானுக்கு 3.5. கரிம மூலக்கூறுகளில் அணுக்களைச் சேர்க்கும் ஒற்றைப் பிணைப்புகள் பலவற்றை அறுக்க 3 முதல் 4 எலெக்ட்ரான் வோல்ட் போதும். பக்கக் கண்ணாடி வழியே இக்கதிரில் ஒரு பகுதி உள்ளே வந்துவிடுகிறது. இதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் துணைநிற்க, சாயம் வெளுக்கிறது. கொலாஜன் இழைகள் துண்டாகின்றன.

ஃபாரடேயும் நாற்காலிகளும்

காற்றிலுள்ள அமிலமும் தோலுக்குப் பகை. லண்டனில் அதீனியம் என்னும் சங்கத்தின் தோல் நாற்காலிகள் சிதைந்துபோயின. அச்சங்கத்தின் முதல் செயலாளராக 1824-இல் பணியாற்றியவர் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே. விளக்குகளில் எரிந்த நிலக்கரி வாயுவிலிருந்து வரும் கந்தகச் சேர்மங்களே காரணம் என்று அவர் 1843-இல் கருத்துரைத்தார். கந்தக டையாக்சைடைத் தோல் உறிஞ்சும்போது அது நாளடைவில் கந்தக அமிலமாகிறது. பட்டையால் பதனிட்ட பழைய தோல் இதனால் செங்கற்பொடிபோல் உதிரும். இந்நிலையை 'ரெட் ராட்' என்பர். இதில் அறுந்திருப்பது நாரே. எண்ணெய் தடவினால் தோல் கறுக்குமேயன்றி நார் மீண்டும் சேராது.

பாதுகாப்பது எப்படி?

முதலில், கண்ணில் படாத மூலையில் ஒரு துளி நீர் விடுங்கள். துளி ஊறி அவ்விடம் கறுத்தால், அது பூச்சில்லாத தோல். முத்துப்போல் நின்றால், மேலே பூச்சு உள்ளது. இன்றைய கார் இருக்கைகள் பெரும்பாலும் பாலியூரிதேன் பூச்சுள்ளவை. இவற்றில் எண்ணெய் உள்ளே செல்லாது. பூச்சைக் காப்பதே முதல் வேலை.

அடுத்து, தூசியை மென்மையான தூரிகையாலோ தூசி உறிஞ்சியாலோ அகற்றவேண்டும். மணலிலுள்ள குவார்ட்சின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7. அதை வைத்துக்கொண்டே துடைத்தால் உப்புத்தாள் தேய்த்தது போலாகும்.

வியர்வையும் தலை எண்ணெயும் படிந்த அழுக்கை அகற்ற நடுநிலைச் சோப்பின் நுரை மட்டும் போதும். துணி சோப்பு காரத்தன்மை உடையது. தோலோ சற்றே அமிலத்தன்மை உடையது. காரம் பட்டால் நார்கள் ஊதிப் பருக்கும். பதனிட்ட பொருளும் கழன்றுவரும். பெட்ரோல், ஸ்பிரிட் போன்றவை நார்களின் மேலுள்ள எண்ணெயையே கரைத்துவிடும். நுரையால் துடைத்தபின், நன்கு பிழிந்த ஈரத்துணியால் மீண்டும் துடைத்து, கதவுகளைத் திறந்துவைத்து நிழலில் உலர்த்தவேண்டும்.

பூச்சில்லாத தோலுக்கு, தோலுக்கென்றே செய்த எண்ணெய்ப் பால்மத்தைச் சிறிதளவு தடவி, ஓர் இரவு விட்டு, எஞ்சியதைத் துடைத்துவிடலாம். வீட்டிலுள்ள எண்ணெய்கள் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படும். அதனால்தான் ஓவியர்கள் அதை வண்ணத்தில் கலக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்து தோல்மேல் வெண்படலமாகப் பூக்கும். எந்த எண்ணெயானாலும் அளவு மீறினால் தூசியை ஈர்க்கும், நார்களைத் தளர்த்தும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நிழல். மரநிழலில் நிறுத்துவதும், கண்ணாடிக்குத் திரை இடுவதும், வாய்ப்புள்ள இடத்தில் சன்னலைச் சற்றுத் திறந்துவைப்பதும் எந்தக் களிம்பையும்விட மிகுந்த பயன் தரும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள். ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்தை மீறி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

நின்றுபோன வழுக்கலை ஓரளவு மீட்கலாம். அறுந்த நாரை மீட்க முடியாது. வெடிப்பில் பசை நிரப்பிச் சாயம் பூசி மறைக்கலாம், அவ்வளவே. ஆகவே தோலைக் காக்கும் காலம் வெடிப்புக்கு முந்தியது. உங்கள் பள்ளி நூலகத்தில் தோல் அட்டையிட்ட பழைய நூல்கள் இருந்தால் அவை சன்னல் வெயிலில் நிற்கின்றனவா என்று இன்றே பாருங்கள். கார் இருக்கைக்குச் சொன்னது அவற்றுக்கும் பொருந்தும்.

செய்து பாருங்கள்

செருப்புத் தைப்பவரிடம் பூச்சில்லாத தோல்துண்டு வாங்கி, ஒரே அளவில் மூன்று பட்டைகளாக வெட்டுங்கள். மூன்றையும் ஒரு மணி நேரம் நீரில் ஊறவையுங்கள். ஒன்றை வெயிலிலும், ஒன்றை நிழலிலும் உலர்த்துங்கள். மூன்றாவதில், ஈரம் சற்றுக் குறைந்ததும் தோலுக்கான எண்ணெய்ப் பால்மத்தைத் தடவி நிழலில் உலர்த்துங்கள். பிறகு ஒவ்வொன்றையும் மேசை விளிம்பில் நீட்டி, நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். எது குறைவாக வளைந்தது? ஏன்?