கணினியின் நோயும் மருந்தும்
லினக்ஸ் பயிலும் மாணவர்க்குச் சில குறிப்புகள்



விடுதியில் ஒருவருடைய கணினி நின்றுவிட்டால், எட்டிப் பார்க்கும் நண்பர்கள் அனைவரும் ஒரே வைத்தியம் சொல்வர்: "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவு." இவ்வைத்தியம் சில நேரங்களில் பலிப்பதும் உண்டு. ஆயினும், கூரை ஒழுகுகிறது என்று வீட்டையே இடித்துக் கட்டுவது போன்றது அது. ஈராண்டு உழைத்து எழுதிய ஆய்வேடு அதனோடு அழியக்கூடும். நோய் இன்னது என்ற அறிவும் கிட்டாது. அடுத்த மாதம் அதே நோய் மீண்டும் வரும்.

"மருந்து" என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் வகுத்த முறை வேறு. நோய் எது, அதன் காரணம் எது, தணிக்கும் வழி எது என்று ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்பது அவர் கருத்து. அம்முறை லினக்ஸ் கணினிக்கும் பொருந்தும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லினக்ஸ் நமக்கு ஏன்?

1991ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அறிவித்தார். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளோடு சேர்ந்து அது வளர்ந்தது. 2017 நவம்பர் முதல், உலகத் தரப்பட்டியலில் இடம்பெறும் 500 மீக்கணினிகளும் லினக்சிலேயே இயங்கி வருகின்றன.

நம் பெங்களூருக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் என்னும் இந்நகர நிறுவனத்தாரும் கூடி, எளியோர்க்கென்று உருவாக்கிய சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினியின் மாதிரி 2001இல் வெளிவந்தது. அதனுள் இயங்கியதும் லினக்சே.

இன்று இது நமக்குப் பணத்தோடு தொடர்புடைய செய்தியும் ஆகும். விண்டோஸ் 10க்கு வழக்கமாக அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. எஸ்.பி. சாலைக் கடைகளில் விற்கும் பழைய மடிக்கணினிகள் பலவும் விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் இல்லாதவை. அத்தகைய கணினியை வைத்துப் படிக்கும் மாணவனுக்குப் புதிய கணினி வாங்கும் செலவைத் தவிர்க்க லினக்ஸ் உதவும். ஆனால் அதனைப் பேணும் முறையை அவன் அறிந்திருக்கவேண்டும்.

நிறுவுவதற்கு முன்

முதலில், உங்கள் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள். இரண்டாவதாக, லினக்சை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, திரை ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்பது பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். மூன்றாவதாக, விண்டோசையும் வைத்துக்கொள்வதாயின், அதிலுள்ள விரைவுத் தொடக்கம் என்னும் வசதியை நிறுத்திவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக மூடப்படாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அதன் பகுதியில் லினக்ஸ் எழுத மறுக்கும். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், மீட்புத் திறவுகோல் எண்ணைத் தாளில் குறித்த பிறகே மேற்செல்லுங்கள்.

கணினியின் வாய்மொழி

லினக்சின் தனிச்சிறப்பு, அது தன் நோயைத் தானே சொல்வதாகும். டி, எம், ஈ, எஸ், ஜி என்னும் ஐந்தெழுத்துக் கட்டளையைச் சூடோ என்னும் சொல்லுக்குப் பின் தட்டினால், வன்பொருளைப் பற்றிக் கருவகம் கூறிய செய்திகள் வரும். ஜர்னல் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, டி, எல் என்னும் மூன்றெழுத்தை ஒட்டித் தட்டினால் கணினியின் நாட்குறிப்பு முழுவதும் விரியும். அதன்பின் இடம் விட்டு, சிறு கோடும் பி எழுத்தும் சேர்த்தால், இம்முறை கணினி தொடங்கியதிலிருந்து நடந்தவை மட்டும் தெரியும். கட்டளைகள் எல்லாம் சிறிய எழுத்தில் அமையவேண்டும்.

செய்திகள் ஆயிரம் வரி இருந்தாலும் அஞ்சவேண்டா. கோளாறு நேர்ந்த மணித்துளியை நினைவில் வைத்து, அந்நேரத்து வரிகளை மட்டும் படியுங்கள். பிழைகள் தொடராக வந்தால் முதற்பிழையையே முதலில் கவனியுங்கள். பின்வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே.

இனி, மாணவர்க்கு அடிக்கடி நேரும் நான்கு நோய்களைக் காண்போம்.

1. கடிகாரம் பிசகுதல்

விண்டோசும் லினக்சும் ஒரே கணினியில் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நேரம் தவறுவதுண்டு. எவ்வளவு தவறுகிறது என்று பாருங்கள். சரியாக 5 மணி 30 நிமிடமா? அவ்வெண்ணே காரணத்தைக் கூறிவிடுகிறது. உலகப் பொதுநேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள வேறுபாடு அது. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் பொதுநேரமாகக் கொள்கிறது. விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. ஆகவே பழுது கடிகாரத்தில் இல்லை. இருவர்க்குள்ளும் உள்ள கருத்து வேறுபாட்டில் இருக்கிறது. டைம்டேட்சிடிஎல் என்னும் கட்டளையால் லினக்சையும் உள்ளூர் நேரத்துக்கு இசையச் செய்யலாம். நேரம் சில ஆண்டுகள் பின்னோக்கி ஓடியிருந்தால் நோய் வேறு: உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்திருக்கும். அப்போது பாதுகாப்பான இணையதளங்களும் திறக்க மறுக்கும்.

2. வைஃபை கிட்டாமை

இங்கே படிப்படியாகக் கேள்வி கேட்கவேண்டும். வைஃபை அட்டையைக் கணினி காண்கிறதா? எல், எஸ், பி, சி, ஐ என்னும் கட்டளையின் பட்டியலில் பாருங்கள். அட்டை தெரிந்தும் இயங்கவில்லையெனில், அதற்குரிய இயக்கி மென்பொருள் இல்லாதிருக்கலாம். அதனைப் பெற இணையம் வேண்டுமே என்று திகைக்கவேண்டா. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

இயக்கியும் இருந்தால், விசைப்பலகைப் பொத்தான் ஒன்று வானொலியை அணைத்துவிட்டதா என்று பாருங்கள். அடுத்து, ஐ, பி என்ற கட்டளைக்குப் பின் இடம் விட்டு ஏ என்று தட்டிக் கணினிக்கு முகவரி கிடைத்ததா என்று அறியுங்கள். முகவரி இருந்து, எண் முகவரிகள் கிட்டி, பெயர் முகவரிகள் மட்டும் கிட்டாவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பணியில் குறை என்று தெளியலாம். வளாக வலையமைப்பில் நுழைவுப் பக்கம் ஒன்று இருந்தால், அதில் கடவுச்சொல் அளிக்காமல் இணையம் வாராது என்பதையும் மறவாதீர்கள்.

3. இடம் நிரம்புதல்

கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டியும் திரும்பத் திரும்ப அதே நுழைவுத்திரை தோன்றுகிறதா? வட்டு நிரம்பியிருப்பது இதற்கு ஒரு காரணம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தினால் பெரும்பாலான கணினிகளில் எழுத்துத்திரை வரும். அங்கே நுழைந்து டி, எஃப் என்று தட்டி, இடம் விட்டுச் சிறு கோடும் எச் எழுத்தும் சேருங்கள். ஒவ்வொரு பகுதியும் நூற்றுக்கு எத்தனை நிரம்பியுள்ளது என்று தெரியும். மூலப்பகுதி நூறாக இருந்தால், குப்பைத்தொட்டியையும் இறக்கிவைத்த பழைய மென்பொருள் பொதிகளையும் நீக்கினாலே கணினி பெரும்பாலும் உயிர்பெறும்.

4. தொடங்க மறுத்தல்

புதுப்பித்த மறுநாள் கணினி தொடங்கவில்லையெனில், குரப் என்னும் தொடக்கப்பட்டியலில் மேம்பட்ட தெரிவுகளுக்குச் சென்று முந்தைய கருவகத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் தொடங்கினால், புதிய கருவகத்திலோ அதற்குரிய இயக்கியிலோதான் குறை என்பது உறுதி. அதிலும் தொடங்காவிட்டால், முன்பு செய்த பென்டிரைவைக் கொண்டு இயக்கி, கோப்புகளை முதலில் காப்பாற்றுங்கள், மருத்துவம் பிறகு.

தமிழ் எழுத

தமிழ் மாணவர் மன்றத்தார் கணினியில் தமிழ் இல்லாதிருத்தல் அழகன்று. ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் என்னும் உள்ளீட்டு நிரலோடு எம்17என் என்னும் பொதியைச் சேர்த்து நிறுவினால், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழியாக உருவான தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். லோகித், நோட்டோ ஆகிய இலவச எழுத்துருக்களும் உள்ளன.

பழைய ஆவணம் ஒன்று வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றினால், கணினி கெட்டுவிட்டது என்று எண்ணவேண்டா. பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் அது தட்டப்பட்டிருக்கும். யூனிகோடுக்கு மாற்றும் நிரலே அதற்கு மருந்து. யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இல் தன் தரமாக ஏற்றுக்கொண்டது. இனி எழுதுவன யாவும் யூனிகோடில் இருந்தால், நமக்குப் பின் வரும் மாணவர்க்கு இத்தொல்லை இராது.

மூன்று விதிகள்

முதல் விதி: பொருள் விளங்காத கட்டளையைத் தட்டாதீர்கள். சூடோ என்று தொடங்கும் கட்டளை, வீட்டின் சாவியைப் பிறர் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும். மேன் என்று தட்டி, இடம் விட்டுக் கட்டளையின் பெயரைத் தந்தால், அதன் விளக்கம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

இரண்டாம் விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். ஐந்தை ஒருசேர மாற்றினால், எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று அறிய வழியில்லை.

மூன்றாம் விதி: ஒரு குறிப்பேட்டில் நாள், நோய், கணினி சொன்ன செய்தி, செய்த மாற்றம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அமைப்புக் கோப்பைத் திருத்துமுன் அதன் படியொன்றையும் வையுங்கள்.

பிறரிடம் உதவி கேட்கும்போதும் இக்குறிப்பேடு துணை நிற்கும். "வைஃபை வரவில்லை" என்றால் யாராலும் பதில் சொல்ல இயலாது. எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்த அட்டை, என்ன செய்தி வந்தது என்று கூறினால், மூத்த மாணவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் வழி காட்டிவிடுவார்.

தோழர்களே! அடுத்த முறை நண்பர் ஒருவர் தம் கணினியைத் தூக்கிக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தால், "அழித்துவிடு" என்று சொல்லாதீர்கள். "அது என்ன சொல்கிறது, படித்துப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அவருடைய கோப்புகளும் பிழைக்கும். இருவர்க்கும் ஒரு பாடமும் மிஞ்சும்.