சிங்கப்பூரில் கடைசி நாள்: எதை முதலில், எதைப் பிறகு

மாலையிலோ இரவிலோ சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் ஏறுகிறவர்களுக்குச் சிங்கப்பூரின் கடைசி நாள் ஏமாற்றுகிற நாள். அறையை முற்பகலிலேயே காலி செய்தாக வேண்டும். விமானத்துக்கோ இன்னும் எட்டு மணி நேரம் இருக்கும். நிறைய நேரம் இருக்கிறது என்று நினைத்திருக்கும்போதே பகல் ஓடிவிடும், மாலையில் எல்லா வேலையும் ஒன்றாகக் கழுத்தைப் பிடிக்கும். இதற்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை, சீக்கிரம் கிளம்புங்கள் என்பது. அதில் பாதிதான் உண்மை. கடைசி நாளின் வேலைகள் பெரும்பாலும் ஒருவழிக் கதவுகள். தாண்டிவிட்டால் திரும்ப முடியாது. பெட்டியைக் கவுன்டரில் கொடுத்துவிட்டால் அதற்குள் இருக்கும் பொருளுக்கு வரியைத் திரும்பக் கேட்க முடியாது. குடிநுழைவுச் சோதனையைக் கடந்துவிட்டால் விமான நிலையத்து ஜூவல் கட்டடத்தின் அருவியைப் பார்க்க வெளியே வர முடியாது. வேலைகளின் வரிசை சரியாக இருந்தால் மூன்றரை மணி நேரம் தாராளம். வரிசை பிசகினால் ஆறு மணி நேரமும் போதாது. அந்த வரிசையை, இரவு 8 மணி விமானம் ஒன்றை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். உங்கள் விமானம் வேறு நேரத்தில் என்றால் மணிக்கணக்கை மட்டும் நகர்த்திக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

1. முந்தின இரவு: கடைவேலையும் பெட்டியும்

வாங்க வேண்டியதை எல்லாம் முந்தின இரவோடு முடித்துவிடுங்கள். சையது ஆல்வி சாலையில் இருக்கும் முஸ்தபா இரவு வெகுநேரம் திறந்திருப்பதால் இது சிரமமில்லை. போகும்போது அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான வரித் திருப்பம் வேண்டும் என்று பணம் கட்டும்போதே சொல்லி, பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். திட்டத்தில் சேர்ந்துள்ள கடையில் வரியோடு சேர்த்து 100 வெள்ளிக்கு, அதாவது 100 சிங்கப்பூர் டாலருக்கு, குறையாமல் வாங்கியிருந்தால் அதைத் திரும்பக் கேட்கலாம். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை சேர்த்து இந்த 100 வெள்ளியை எட்டலாம். ஒருவர் 327 வெள்ளிக்கு வாங்கினால் அதில் 27 வெள்ளி வரி. கையாளும் கட்டணம் போக மீதி அவர் கைக்கு வரும். விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கட்டிய வரி திரும்பாது.

பிறகு பெட்டி கட்டுவது. மூன்று குவியலாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இராது. வரி திரும்ப வேண்டிய பொருட்கள் பெட்டியின் மேல்பக்கம் இருக்கட்டும். சுங்க அதிகாரி எடுத்துக் காட்டச் சொன்னால் பெட்டியைக் கவிழ்க்க வேண்டியிராது. திரவமும் களிம்பும் பெட்டிக்குள் போகட்டும். ஊரில் எல்லாரும் கேட்கும் கோடாலித் தைலத்தின் சிறு புட்டி 100 மில்லிக்குள்தான் இருக்கும் என்றாலும், கைப்பையில் கொண்டுபோகும் திரவம் மொத்தமும் ஒரு லிட்டர் பை ஒன்றுக்குள் அடங்க வேண்டும். இரண்டு டஜன் புட்டி அதில் அடங்காது. பவர் பேங்க் இதற்கு நேர்மாறு: பெட்டிக்குள் போடவே கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட் மணிக்கு உட்பட்டதற்குத் தனி அனுமதி தேவையில்லை. வழக்கமான 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட் மணிதான். டுரியான் பழத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எம்ஆர்டி ரயிலிலேயே அதற்குத் தடை உண்டு.

கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிந்த பிறகு கடைசி நாளில் வாங்குவதுதானே புத்திசாலித்தனம் என்று கேட்கலாம். பணக்கணக்குக்கு அது சரி. ஆனால் கடைசி நாளில் வாங்கும் பொருளை வைக்கக் கட்டிய பெட்டியை மறுபடி திறக்க வேண்டும், எடையை மறுபடி பார்க்க வேண்டும், அதுவும் அறையில்லாமல், விடுதி வரவேற்பறையின் தரையில். எடை கூடினால் விமான நிலையத்தில் கட்டும் அபராதம், மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். மிஞ்சிய வெள்ளியை முந்தின இரவே எண்ணிப் பார்த்துவிட்டால் இந்த வாதத்துக்கு வேலையில்லை. கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டியது சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் ஆன பணம் மட்டுமே.

2. காலை: அறையைக் காலி செய்து, அருகிலேயே சுற்றுங்கள்

அறையைக் காலி செய்தபின் பெட்டியை விடுதியிலேயே விட்டு வைக்கலாம்; பெரும்பாலான விடுதிகள் இதற்குப் பணம் கேட்பதில்லை. அப்படி விட்டதும் அன்றைய ஊர்சுற்றலின் எல்லை தீர்மானமாகிவிடுகிறது. எங்கே போனாலும் பெட்டிக்காகத் திரும்பி வந்தாக வேண்டும் என்பதால், செந்தோசாவும் விலங்குக் காட்சிச் சாலையும் அன்றைக்கு உதவாத இடங்கள். லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்பவர்கள் சிராங்கூன் சாலையை விட்டு நகராமலே பகலைக் கழிக்கலாம்: ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சந்தை, 1947-இலிருந்து நடந்துவரும் கோமள விலாஸில் மதியச் சாப்பாடு. வெயிலும் திடீர் மழையும் மாறி மாறி வரும் ஊர் என்பதால், ஒரு மாற்றுச் சட்டையைப் பெட்டிக்குள் பூட்டாமல் கைப்பையில் வையுங்கள். குளிக்க இனி அறை கிடையாது.

இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டு ஒரு நாளை வீணாக்குவதா என்பது நியாயமான வருத்தம். ஆனால் கணக்குப் பாருங்கள். காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்து மாலை 3.30-க்கு விமான நிலையத்துக்குக் கிளம்புகிறவருக்கு இடையில் இருப்பது நாலரை மணி நேரம். செந்தோசாவுக்குப் போய் வரும் நேரத்தையும் அங்கே வரிசையில் நிற்கும் நேரத்தையும் கழித்தால் மிஞ்சுவது அவசரம்தான். பெரிய இடங்களை முதல் நாட்களுக்கும் சிறிய இடங்களைக் கடைசி நாளுக்கும் ஒதுக்கினால் எதுவும் வீணாகாது. திட்டம் போடும்போதே கடைசி நாளை அரை நாளாக எண்ணியவர்களுக்கு இந்த வருத்தமே வராது.

3. பிற்பகல் 3.30: சாங்கிக்குக் கிளம்புதல்

ரயிலில் போகிறவர்கள் லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் தடத்தில் ஏறி எக்ஸ்போ வரை உட்கார்ந்திருக்கலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். அந்த ரயில் தெற்கே இறங்கி, மரினா பே, சைனாடவுன் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டுதான் கிழக்கே திரும்பும். தேக்கா பக்கம் தங்கியவர்கள் சற்று நடந்து அதே தடத்தின் ஜாலான் புசார் நிலையத்தில் ஏறினால் அந்தச் சுற்று மிச்சம். எக்ஸ்போவில் மாறினால் அடுத்த நிலையம் சாங்கி விமான நிலையம். பெரிய பெட்டிகளோ முதியவர்களோ கூட இருந்தால் டாக்சியே நல்லது. மாலை நெரிசல் நேரத்தில் மீட்டர் தொகையோடு 25 சதவீதமும், நள்ளிரவுக்குப் பிறகு 50 சதவீதமும் கூடுதலாகக் கட்ட வேண்டும். 3.30-க்கே கிளம்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த முனையம் என்பதை ஏறுமுன் டிக்கெட்டில் பாருங்கள். முதல் மூன்று முனையங்களுக்கு இடையே ஸ்கைட்ரெயின் ஓடுகிறது. 2017-இல் திறந்த நான்காம் முனையம் தனியே இருப்பதால் அதற்குப் பேருந்துதான்.

4. விமான நிலையத்தில்: வரி, பெட்டி, அருவி, குடிநுழைவு, வாயில்

கட்டுரையின் சாரம் இந்த ஐந்து சொற்களில் இருக்கிறது. மாற்றாமல் இதே வரிசையில் செய்யுங்கள். 4.30-க்குப் போய்ச் சேர்ந்தால் செக்-இன் கவுன்டர் இன்னும் திறக்காமல் இருக்கலாம். பரவாயில்லை, வரித் திருப்பத்துக்கான தானியங்கி இயந்திரத்துக்கு அதுவே நல்ல நேரம். பெட்டிக்குள் போகும் பொருளுக்குச் செக்-இன் கூடத்திலுள்ள இயந்திரத்தில், பெட்டியைக் கொடுப்பதற்கு முன் பதிய வேண்டும். கைப்பையில் வரும் பொருளுக்குக் குடிநுழைவைத் தாண்டி உள்ளே இருக்கும் இயந்திரத்திலும் பதியலாம். பொருளை வாங்கி இரண்டு மாதத்துக்குள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதும் விதி.

பெட்டியைக் கொடுத்து போர்டிங் பாஸ் வாங்கியபின் கை காலியாகிறது. ஜூவலுக்குப் போக அதுதான் நேரம். 2019-இல் திறந்த இந்தக் கட்டடம் குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது; அதன் நடுவே கூரையிலிருந்து 40 மீட்டர் விழும் நீர், கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகிலேயே உயரமானது. அதைப் பார்த்துவிட்டு 6.30-க்குள் குடிநுழைவைக் கடந்துவிடுங்கள். மூன்றாம் முனையத்தின் பட்டாம்பூச்சித் தோட்டம் உள்ளே இருப்பதால் குழந்தைகளுக்கு அதைப் பிறகு காட்டலாம். முதல் மூன்று முனையங்களில் பைகளைச் சோதிப்பது விமான வாயிலில்தான். நான்காம் முனையத்தில் குடிநுழைவை ஒட்டியே சோதித்துவிடுகிறார்கள். எனவே முதல் மூன்றில் இருப்பவர்கள் உள்ளே வாங்கிய தண்ணீரை வாயிலுக்கு முன் குடித்து முடிக்க வேண்டும். வாயிலில் நிற்கும் அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

சாங்கிதான் எல்லாமே வேகமாக நடக்கும் நிலையமாயிற்றே, இணையத்தில் செக்-இன் செய்துவிட்டு ஒன்றரை மணி நேரம் முன்னால் போனால் போதாதா என்பார்கள். கைப்பை மட்டும் வைத்திருக்கும் தனியாளுக்குப் போதும். ஆனால் பெட்டி போடும் கவுன்டரை விமான நிறுவனங்கள் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். பெட்டியும் வரித் திருப்பமும் உள்ள குடும்பத்துக்கு மிஞ்சுவது அரை மணி நேரம். சாங்கியின் வேகம் முன்னால் போகிறவர்களுக்கு உதவும். எதையோ மறந்து திரும்பி வர நினைப்பவர்களுக்கு எந்த நிலையமும் உதவாது.

5. ஊரில் இறங்கிய பிறகு

சென்னைக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பறத்தல். கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னே போகும். 8 மணிக்கு ஏறியவர் இங்கே 10 மணிக்குள் இறங்கினாலும் உடலுக்கு அது நள்ளிரவு. பெட்டி வந்து சுங்கத்தைக் கடக்க மேலும் நேரமாகும். மெட்ரோ இரவு 11 மணி அளவில் நின்றுவிடும் என்பதால் அதை நம்பி இருக்காதீர்கள். தென் மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் பேருந்து பிடிப்பதாக இருந்தால், நள்ளிரவுக்குப் பிந்தைய வண்டியில் முன்பதிவு செய்வதே பத்திரம். சுங்கத்தில் பலர் ஏமாறுவது தங்கத்தில். நகைக்கான தீர்வைச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருந்தவர்களுக்கு உரியது. ஒரு வாரச் சுற்றுலாவில் வாங்கிய சங்கிலிக்கு அது கிடையாது. அப்படி வாங்கியிருந்தால் ரசீதோடு சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். மற்றப் பொருட்களுக்கான தீர்வையில்லா வரம்பு அவ்வப்போது மாறுவதால், பயணத்துக்கு முன்பே சுங்கத்துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையையும் மனத்தில் வைத்திருக்கத் தேவையில்லை. வரி, பெட்டி, அருவி, குடிநுழைவு, வாயில் என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் உங்கள் விமானத்துக்கேற்ற மணியைக் குறித்து, முந்தின இரவே பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிடுங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. கூட வருகிற எல்லாருக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள்.