தொலைவில் இருப்பவரைப் பதிவு செய்ய எந்த சாஃப்ட்வேர்?

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் ஒரு பாட்டி. கனடாவில் அவருடைய பேரன். பாட்டி படகேறி வந்த கதையைக் கேட்டு, பாட்காஸ்ட் ஆக்கப் பேரன் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுமுறை கேட்டால் பாட்டி அப்படியே சொல்வார் என்று உறுதியில்லை. எனவே சாஃப்ட்வேரை முதலிலேயே சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: குரல் எங்கே பதிவாகிறது?

1. அழைப்பைப் பதிவு செய்பவை: ஜூம் இந்த வகை. இலவசக் கணக்கில் ஒரு சந்திப்புக்கு 40 நிமிடம். பதிவு உங்கள் ஹார்டு டிஸ்கில் சேரும். ஆனால் பேரன் பக்கம் பதிவாவது, இன்டர்நெட் வழியாக வந்து சேரும் குரல். வழியில் விட்டுப்போன சொல் பதிவிலும் இருக்காது. ஒவ்வொருவருக்கும் தனி ஆடியோ ஃபைல் எடுக்கும் வசதி எடிட்டிங்குக்கு உதவும். இந்தக் குறையைப் போக்காது.

2. இரு முனையிலும் பதிவு செய்பவை: ரிவர்சைடு, ஜென்காஸ்டர் ஆகியவை. அவரவர் கம்ப்யூட்டரிலேயே குரலும் வீடியோவும் பதிவாகி, பிறகு சர்வருக்குப் போகும். பேச்சு இடையில் திக்கினாலும் பதிவு சுத்தமாக இருக்கும். அப்லோடு முடியும் வரை பிரவுசரை மூடக் கூடாது. இலவசத் திட்டங்களில் கட்டுப்பாடுகள் உண்டு; முன்பே படித்துப் பாருங்கள்.

3. செலவில்லாத வழி: 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி.

* இரு பக்கமும் கம்ப்யூட்டரில் ஆடாசிட்டியை நிறுவவும்.
* போனில் இயர்போன் மாட்டி வாட்ஸ்அப்பில் பேசவும். ஸ்பீக்கரில் கேட்டால் எதிர்முனைக் குரலும் பதிவில் கலந்துவிடும்.
* இருவரும் ரெக்கார்டு பட்டனை அழுத்தியபின், 1, 2, 3 எண்ணி ஒரே நேரத்தில் கைதட்டவும்.
* முடிந்ததும் வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யவும். 16 பிட் மோனோவில் ஒரு மணி நேரம் சுமார் 300 எம்.பி. வரும். கூகுள் டிரைவில் அனுப்பலாம்.
* பேரன் இரண்டையும் இம்போர்ட் செய்து, கைதட்டல் ஒன்றாக வரும்படி இழுத்துப் பொருத்தினால் போதும்.

வீடியோவுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோவை இதே முறையில் பயன்படுத்தலாம்.

இன்டர்நெட் மெதுவாக இருந்தால் மூன்றாவது வழியே பாதுகாப்பானது. லேப்டாப்பை முழுதாக சார்ஜ் செய்துகொள்ளவும். ஐந்து நிமிடம் பதிவு செய்து, கேட்டுப் பார்த்த பிறகே கதையைத் தொடங்கச் சொல்லுங்கள். வெளியிடும் முன் பாட்டிக்குப் போட்டுக் காட்டி, அவருடைய சம்மதத்தையும் பெறுங்கள்.