கடைத்தெருவும் அடுக்குமாடியும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

வட்டக்கோட்டையின் மதிலோரம் மாலையில் காற்று வாங்க வருகிறவர்களின் சம்பாஷணையில் இப்பொழுதெல்லாம் தவறாமல் அடிபடுகிற விஷயம் நிலத்தின் விலைதான். அஞ்சுகிராமம் சாலையில் சென்ட் என்ன விலைக்குப் போகிறது என்று ஆரம்பிக்கிற பேச்சு, சற்று நேரத்தில் நாகர்கோவிலுக்குப் போய்விடும். ரயில் ஜங்ஷனை அடுத்த பழைய கடைத்தெருக்களை எடுத்துவிட்டுப் பத்து மாடி, பன்னிரண்டு மாடி என்று எழுப்பினால் ஜில்லாவே முன்னேறிவிடும் என்பார் ஒருவர். எழுப்பினால் சர்வநாசம் என்பார் மற்றவர். இரு கட்சியாரும் சாட்சிக்கு அழைப்பது சென்னைத் தியாகராய நகரைத்தான். கல்யாணப் புடவை எடுக்கப் போன வகையிலாவது, மாம்பலத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி ரங்கநாதன் தெருவில் மிதிபட்டுத் திரும்பிய அனுபவம் நாஞ்சில் நாட்டில் அநேகக் குடும்பங்களுக்கு உண்டு. ஆனால் இரண்டு கட்சிக்கும் ஒரே சாட்சி போதுமென்றால், அந்தச் சாட்சியின் வாக்குமூலத்தை யாரும் சரியாகக் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்?

நம்பிக்கை: கோட்டை இருக்கிற ஊரில் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது.

நம் ஊர் விஷயமாதலால் இதை முதலில் தீர்த்துவிடலாம். குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்டுப் பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவராகவே ஆகிவிட்ட டச்சுக்காரர் டிலனாய் புதுப்பித்துக் கட்டிய இக்கோட்டை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-இல் திருத்தப்பட்ட தொல்சின்னச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுக் கட்டலாம். பழுதுபார்ப்பதற்கும் அனுமதி உண்டு. இதைத் தவிர, கடலோரமாக இருப்பதால், 1991 முதல் பல வடிவங்களில் அமலில் இருந்துவரும் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையும் தனியே பொருந்தும். தடை என்பது அடி கணக்கில் அளந்து சொல்லக்கூடிய ஒரு வட்டமேயன்றி, ஊர் முழுவதன் மேலும் கவிந்த சாபமன்று. அதைச் சாபமென்று சொல்லிக்கொண்டிருப்பவர்களில் சிலர் அனுமதி கேட்டு ஒரு மனுகூடப் போட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

நம்பிக்கை: உயரமாகக் கட்டினால்தான் குறைந்த இடத்தில் நிறையக் கடைகளும் வீடுகளும் அமையும்.

கேட்பதற்கு மிகவும் நியாயமாகத் தோன்றுகிற இந்த அபிப்பிராயம், ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கையில் எடுத்துக்கொண்டவுடன் ஆட்டங்காணத் தொடங்குகிறது. நம்முடைய மாநிலத்தில் எவ்வளவு கட்டலாம் என்பதை நிர்ணயிப்பது உயரமன்று, எஃப்.எஸ்.ஐ. என்று பொறியாளர்கள் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு, அதாவது 60 அடிக்கு, மேற்பட்டதைத்தான் உயரமான கட்டடம் என்று வகுக்கின்றன. அதற்குக் கீழ்ப்பட்டதற்கு நிலத்தின் பரப்பைப்போல் 2 மடங்கும், மேற்பட்டதற்கு, சாலை போதிய அகலமாயிருந்தால், 3.25 மடங்கு வரையும் தளப்பரப்பு அனுமதிக்கின்றன. (நம் கோட்டை மதில் ஏறக்குறைய 25 அடி; இந்தக் கணக்கில் அது குட்டைதான்.)

கடைத்தெருவில் 10 சென்ட் வைத்திருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 4,356 சதுர அடி. சதுரமாயிருந்தால் பக்கத்துக்கு 66 அடி. 60 அடிக்கு உட்பட்டு அவர் கட்டுவாராகில், மொத்தம் 8,712 சதுர அடி கட்டலாம். பாதி மனையை மூடினால் நாலே தளத்தில் அது முடிந்துவிடும். அவரே ஆசைப்பட்டு 60 அடியைத் தாண்டினாரென்றால், தீயணைப்பு வண்டி சுற்றிவருவதற்காக நான்கு பக்கமும் குறைந்தது 7 மீட்டர், அதாவது 23 அடி, இடம் விடவேண்டும். 66 அடியில் இரு பக்கமும் 23 போனால் மிஞ்சுவது 20 அடி. அந்த 20-க்கு 20-இல் லிப்டும் படிக்கட்டும் போக, ஒரு தையற்கடை வைக்கலாம். 3.25 மடங்கையும் முழுதாகப் பயன்படுத்த வேண்டுமானால், தளத்துக்கு 400 சதுர அடி வீதம் 35 தளத்துக்கு மேலேயே எழுப்பவேண்டும். அத்தனை உயரத்துக்கு விடவேண்டிய இடைவெளியோ இன்னும் அதிகம்!

ஆகவே கோபுரம்போன்ற கட்டடம் இடத்தை மிச்சப்படுத்துகிறது என்பதைவிட, பெரிய மனையைக் கோருகிறது என்பதுதான் உண்மை. கடைத்தெருவில் பெரிய மனை எங்கிருந்து வரும்? பத்துப் பதினைந்து சிறிய சொந்தக்காரர்கள் விற்றோ, விற்க நேர்ந்தோ, ஒரே கைக்கு வந்தால்தான் வரும். உயரமான கட்டடத்தைப் பற்றிய விவாதத்தில் நாம் நிழலையும் காற்றையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கையில், அத்திட்டத்தின் முதற்கட்டம் பத்திரப்பதிவு அலுவலகத்திலேயே சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது.

தியாகராய நகர் இதற்கு நல்ல உதாரணம். 1920-களில், நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் பெயரால், ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்த இடத்தில் வீடுகளுக்கென்று வகுக்கப்பட்ட புறநகர் அது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, மாம்பலம் நிலையத்துக்கும் பனகல் பார்க்குக்கும் நடுவே நடக்கிறவர்களை நம்பிக் கடைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. ரங்கநாதன் தெருவின் ஜனநெருக்கம் அந்த நடையிலிருந்து பிறந்ததேயன்றி மாடிகளிலிருந்து பிறந்ததன்று. மாடிகள் பின்னால் வந்தவை. அவற்றிலும் பல அனுமதிக்கு மீறி வந்தவை என்பதால்தான் 2011 அக்டோபர் இறுதியில் அங்கே பல கடைகளுக்கு அதிகாரிகள் சீல் வைக்க நேர்ந்தது.

நம்பிக்கை: ரயிலடியில் அடுக்குமாடி வந்தால் தெருவெல்லாம் வாகனமாகிவிடும்.

பாதி உண்மை. மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட போக்குவரத்து சார்ந்த நகர வளர்ச்சிக் கொள்கை, நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரை, நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிஷத் தொலைவுக்குள், நெருக்கமாகக் குடியமர்த்தச் சொல்லுகிறது. கூடவே அவ்வட்டத்தில் வாகன நிறுத்துமிடத்தைக் குறைக்கவும் சொல்லுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் வாகனம் பெருகாது. நடைமுறையில், முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அடித்தளம் இரண்டையும் கார்களுக்கு ஒதுக்கிவிட்டு, ரயிலுக்கு அருகிலிருப்பதை விளம்பரத்தில் மட்டும் போட்டுக்கொள்வது வழக்கமாயிருக்கிறது. காருக்கு இடம் கட்டிக் கொடுத்தால் கார் வரும். இதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை.

நம்பிக்கை: நடைபாதை வியாபாரிகளுக்குப் புதிய கட்டடத்தில் ஒரு கடை கொடுத்துவிட்டால் அவர்கள் வாழ்வு மலர்ந்துவிடும்.

இதைச் சொல்கிறவர்கள் நல்லெண்ணத்துடன்தான் சொல்கிறார்கள். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்னும் பாண்டி பஜாரில், நீதிமன்ற வழக்குகளின் விளைவாக, நடைபாதை வியாபாரிகளை 2013-இல் அதே சாலையில் மாநகராட்சி கட்டிய பலமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். வெயிலும் மழையும் படாத கூரை, மின்விளக்கு, பூட்டிச் செல்லக் கதவு, சட்டப்படியான உரிமை எல்லாம் கிடைத்தன. மேல்மாடிகளில் கிடைக்காதது வாடிக்கையாளர் ஒருவர்தான். ரிப்பனும் வளையலும் கைக்குட்டையும் வாங்க வேண்டுமென்று வீட்டிலிருந்து தீர்மானித்துக்கொண்டு யாரும் புறப்படுவதில்லை. நடந்துபோகையில் கண்ணில் பட்டு, கை நீண்டு, பேரம் பேசி முடிகிற வியாபாரம் அது. கண்ணில் படுவதற்கு ஒரு மாடி ஏறவேண்டுமென்றால் அந்த வியாபாரத்தின் ஜீவனே போயிற்று. துணிக்கடைக்காரர் மேல்மாடிக்கு ஜனங்களை லிப்டில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அவருக்கு விளம்பரமும் குளிர்சாதனமும் இருக்கின்றன. வளையல்காரருக்குத் தெருவைத் தவிர வேறு விளம்பரம் ஏது?

2014-இல் வந்த தெருவியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், வாங்குகிறவரும் விற்கிறவரும் வழக்கமாகக் கூடி வந்த இடத்தை இயற்கைச் சந்தை என்று அங்கீகரித்துப் பேசுகிறது. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதைகளை விரிவாக்கி, கார்களின் இடத்தைக் குறைத்து, நடப்பவர்களுக்கென்று சாலையைத் திருத்தி அமைத்தபோது, அந்தத் தெருவின் அழகு எங்கிருந்து வந்தது என்பது கண்ணுள்ளவர்க்கெல்லாம் பிரத்தியட்சமாயிற்று. அது மாடிகளிலிருந்து வந்ததன்று.

நம்பிக்கை: நிலையத்தையும் கடைகளையும் மேம்பாலத்தால் இணைத்துவிட்டால் எல்லோருக்கும் லாபம்.

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும், அரை கிலோமீட்டருக்கும் சற்று நீண்ட, ஆகாய நடைமேம்பாலம் 2023 மே மாதத்தில் திறக்கப்பட்டது. வயோதிகர்களுக்கும் கைக்குழந்தையுடன் வருகிறவர்களுக்கும் அது பெரிய உபகாரம் என்பதில் சந்தேகமில்லை. பேருந்துக்குப் போகிறவர் மேலே போனார். பொருள் வாங்க வந்தவர் பழையபடி கீழேயே ரங்கநாதன் தெருவில் புகுந்தார். கீழ்த்தெருவின் வாயில் அடைபடாததால் இரண்டு ஜாதி நடையும் பிரிந்து, இரண்டும் பிழைத்தன.

கோலாலம்பூரில் கதை வேறு விதமாய் அமைந்தது. மலாயா ரயில்வேயில் வேலைபார்க்கப் போன யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், ரயில்வேயின் பழைய யார்டு இருந்த 72 ஏக்கரில், 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அதைச் சூழ்ந்து அலுவலகங்களும் விடுதிகளும் வானளாவ எழுந்தன. பக்கத்திலிருந்த ரயில்வே குடியிருப்புகளில் பல இடிக்கப்பட்டன. 2003-இல் வந்த மோனோரயில் நிலையமோ சற்றுத் தள்ளி, தமிழர் தலைவர் துன் சம்பந்தன் பெயர் தாங்கிய தெருவில் அமைந்தது. ஒரு ரயிலை விட்டு மற்றொரு ரயிலைப் பிடிக்க, பத்தாண்டுக்கு மேல் ஜனங்கள் வெளியே இறங்கி நடந்தார்கள். அது அசௌகரியம் என்றே எல்லோரும் குறைபட்டார்கள். 2014-இல் அந்த அசௌகரியம் தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது? இரண்டு நிலையத்துக்கும் நடுவே ஒரு பெரிய அங்காடி மாளிகை எழும்பி, இணைப்பு வழி அதன் வயிற்றுக்குள்ளேயே அமைந்தது. மழை நனைக்காமல், வெயில் படாமல், பிரயாணி நடக்கிறார். ஆனால் அவர் நடையின் பலன் முழுவதும் குத்தகைக்கு எடுத்த பெருங்கடைகளின் முகப்பில் விழுகிறது. லிட்டில் இந்தியா என்று 2010-இல் தோரணம் கட்டித் திறந்துவைத்த துன் சம்பந்தன் தெருவுக்கு, அங்கேயே போகவேண்டுமென்று புறப்பட்டவர் மட்டும் வரலாம்.

இரு நகரங்களிலும் இணைப்புப் பாதை போட்டது ஒன்றேதான். அதன் வாய் எங்கே திறக்கிறது என்பதில்தான் வித்தியாசம். புதிய திட்டம் எதுவாயினும், வரைபடத்தில் மாடிகளை எண்ணுவதற்கு முன்னால், ரயிலிறங்கியவனுடைய கால் எந்த மட்டத்தில், யார் கடை முன்னால் போகிறது என்று விரலை வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

நம்பிக்கை: உயரமான கட்டடம் ஆபத்தானது.

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ஆம் தேதி 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதும், அருகிலிருந்த அதன் இணைக்கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதும் மறக்கக்கூடியவை அல்ல. ஆயினும் அதனினும் உயரமான கட்டடங்கள் அதே நகரத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. மண்ணையும் தூணையும் மேற்பார்வையையும் குறை சொல்லவேண்டிய இடத்தில் உயரத்தைக் குறை சொன்னால், தப்பு செய்தவர்களுக்குத்தான் சௌகரியம்.

நம்பிக்கை: பேருந்து நிலையமோ ரயில் நிலையமோ, எது பக்கத்தில் இருந்தாலும் ஒன்றுதான்.

நெருக்கடி தாளாமல் சென்னைக் கொத்தவால் சாவடியிலிருந்து 1996-இல் காய்கறி மொத்தச் சந்தையைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். 2002-இல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் அங்கே வந்தது. 2015-இல் மெட்ரோ ரயிலும் வந்தது. நாகர்கோவிலிலிருந்து இரவெல்லாம் பிரயாணம் செய்து விடியற்காலையில் கோயம்பேட்டில் இறங்கி, அங்கேயே பல்விளக்கி, இட்டிலி தின்று, வேலைக்கோ மருத்துவமனைக்கோ போனவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அவர்களை நம்பி விடுதிகளும் உணவகங்களும் நிலைத்துவிட்டன என்று எண்ணியிருந்த வேளையில், 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் திறக்கப்பட்டு, தென்னாட்டுப் பேருந்துகள் அங்கே குடிபெயர்ந்தன. திறந்த நாளில் கிளாம்பாக்கத்துக்கென்று ஒரு ரயில் நிலையம்கூட இருக்கவில்லை. ஜனங்கள் மாநகரப் பேருந்து ஏறி ஊருக்குள் வந்தார்கள். கணக்குப் பார்த்தால் கோயம்பேட்டில் நம் ஊர்ப் பேருந்து நின்ற காலம் 21 வருஷம். அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆயுளோ அதைப்போல் மும்மடங்கு.

தண்டவாளத்தை அப்படி எளிதில் பெயர்த்துவிட முடியாது. 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது. நாகர்கோவில் ஜங்ஷன் அன்றிருந்த கோட்டாற்றில்தான் இன்றும் இருக்கிறது, கம்போளம் என்னும் சந்தையும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. நாகர்கோவிலில் மாடி எழுப்பியே தீருவது என்று பணத்துடன் புறப்படுகிறவர்கள், கோட்டாற்றுப் பக்கம் நிலத்தைத் தேடினால் அதில் ஒரு யுக்தி இருக்கிறது. பேருந்து நிலையத்தை மட்டுமே நம்பி வடசேரியில் தேடுவார்களாகில், எட்டு மாடிகூட அதிகப்படி என்றே சொல்வேன்.